துப்பாக்கி லைசென்ஸ்: விண்ணப்பிக்கும் முன் வியாபாரி தெரிந்துகொள்ள வேண்டியவை

நமது இதழில் வழக்கமாக ஜி.எஸ்.டி. கணக்கு, தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்புத் துறைச் சோதனை போன்ற விஷயங்களைத்தான் எழுதி வருகிறோம். மளிகைக் கடைக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் வந்துவிட்டது. 2024 நவம்பர் இறுதியில் பல்லடத்தை அடுத்த சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கொலையுண்டார்கள். 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கத்தில் தனியாகக் குடியிருந்த வயதான தம்பதியர் இருவர் அதே கதிக்கு ஆளானார்கள். நம் குன்னத்தூர் வட்டாரத்தில் கடை ஊருக்குள்ளும் வீடு தோட்டத்திலுமாக இருப்பவர்கள்தான் அதிகம். சனிக்கிழமை பனியன் கம்பெனிச் சம்பளம் போட்டால் அன்று இரவும் ஞாயிறும்தான் நமக்கு வியாபாரம். வசூலான பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு இருட்டில் வண்டி ஓட்டிப் போகிறவர்கள் மனதில் பயம் புகுந்ததில் வியப்பில்லை.

"ஏனுங்கண்ணா, ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிப் போட்டா என்னங்க?" என்று கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது என்னிடம் கேட்டவர்கள் ஒன்றிரண்டு பேர் அல்ல. நானும் வக்கீல்களிடமும், பல வருடம் லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியவர்களிடமும் கேட்டு, சட்டப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தேன். அதில் உறுப்பினர்களுக்குப் பயன்படும் சங்கதிகளை இங்கே எழுதுகிறேன்.

இதை எழுத உட்காரும் முன்பே ஒரு நண்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வேறொரு விஷயம் சொன்னார். மண்டி வைத்திருப்பவர். அவர் அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி பீரோவில் துணிமணிகளுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறதாம். அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. "லைசென்ஸ் புஸ்தகமும் கூடவே இருக்குதுங்க, அதனால பயமில்லைங்களே?" என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். இந்தக் கட்டுரையில் மிக அவசரமான விஷயம் அதுதான்.

உரிமை அல்ல, அனுமதி

வெள்ளைக்காரன் 1878-ல் போட்ட ஆயுதச் சட்டம் இந்தியர்கள் கையில் ஆயுதம் இருக்கக்கூடாது என்பதற்காகவே போடப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு 1962 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கும் அதுதான் சட்டம். அதன் கீழ் 1962-ல் வந்த விதிகளை மாற்றி 2016-ல் புது விதிகள் வந்தன. 2019 டிசம்பரில் சட்டத்திலேயே முக்கியமான திருத்தங்கள் செய்தார்கள். பழைய ஆட்கள் சொல்வதை அப்படியே நம்பி நடக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவர்கள் காலத்தில் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம், இப்போது இரண்டுதான். அன்று லைசென்ஸ் மூன்று வருடத்துக்குத் தந்தார்கள், இப்போது ஐந்து வருடம்.

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது பிறப்புரிமை அல்ல, சர்க்கார் கொடுக்கும் அனுமதி. குடகு மலையில் கொடவர் இனத்தாருக்கு மட்டும் லைசென்ஸ் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு; வெள்ளைக்காரன் காலத்து வழக்கம், இன்றும் தொடர்கிறது. மற்ற எல்லோருக்கும் லைசென்ஸ் கட்டாயம். 2016 இறுதியில் மத்திய உள்துறை வெளியிட்ட கணக்கின்படி நாடு முழுக்க இருந்த லைசென்ஸ்கள் 33 லட்சத்து 69 ஆயிரம் சொச்சம். அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாடு அந்த வரிசையில் வெகு பின்னால் நிற்கிறது. இங்கே அதிகாரிகள் யோசித்துத்தான் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் அது நல்லதுதான்.

யாரிடம், எப்படி விண்ணப்பிப்பது

குன்னத்தூர், ஊத்துக்குளி, பெருமாநல்லூர் போன்ற ஊர்களில் குடியிருப்பவர்களுக்கு லைசென்ஸ் வழங்கும் அதிகாரி மாவட்ட ஆட்சித் தலைவர். திருப்பூர் மாவட்டம் 2009-ல் உருவாகும் முன்பு நம் ஊர் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. ஆகவே பழைய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் கோப்பு எந்தக் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிறது என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. திருப்பூர் மாநகர எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்குப் போலீஸ் கமிஷனர். நம் உறுப்பினர்களில் சிலருக்கு வீடு இங்கும் கடை திருப்பூரிலுமாக இருக்கும். வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டு கடையில் துப்பாக்கி வைக்கப் போகிறோம் என்றால் அதை விண்ணப்பத்திலேயே சொல்லியாக வேண்டும்.

விண்ணப்பம் ஏ-1 என்னும் படிவத்தில். இப்போது இதற்கென்று உள்ள மத்திய அரசின் இணையத்தளத்தில் பூர்த்தி செய்ய வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். புகைப்படம், பிறந்த தேதிச் சான்று, இருப்பிடச் சான்று, அடையாளச் சான்று ஆகியவை வழக்கமானவை. இவை தவிர மூன்று காகிதங்கள் முக்கியம். உடலும் மனமும் நலமாக இருப்பதற்கு டாக்டர் சான்று. துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி. பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்று. கடைசியாகச் சொன்னது 2016 விதிகளில் வந்தது. இதைச் சும்மா ஒரு காகிதம் என்று நினைத்துக் கையெழுத்துக்கு அலைய வேண்டாம். உண்மையிலேயே ரைஃபிள் கிளப்பிலோ அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரிடமோ போய்க் கற்றுக்கொள்ளுங்கள். கார் ஓட்டத் தெரியாமல் டிரைவிங் லைசென்ஸ் வாங்கியவன் மோதினால் வண்டி நசுங்கும். இங்கே வீட்டில் ஒருவர் போய்விடுவார்.

விண்ணப்பம் போனதும் கலெக்டர் அலுவலகத்திலிருந்து போலீஸ் அறிக்கை கேட்பார்கள். 30 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும், அறிக்கை வந்த 60 நாளுக்குள் கலெக்டர் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. நடப்பில் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். பெரும்பாலும் வருவாய்த் துறையிலும் விசாரிப்பார்கள். ஸ்டேஷனிலிருந்து வந்து அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். பங்காளித் தகராறு, வரப்புத் தகராறு, குடிப்பழக்கம், வீட்டில் மனநலம் சரியில்லாதவர்கள் இருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் வரும். வன்முறை வழக்கிலோ நேர்மைக்கேடான குற்றத்திலோ சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தண்டனை முடிந்து ஐந்து வருடம் ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. தடை செய்யப்பட்ட குட்கா விற்றதாக நம்மில் சிலர் மீது வழக்குகள் இருக்கின்றன. சின்ன வழக்குதானே என்று மறைக்காதீர்கள். விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள். மறைத்து வாங்கிய லைசென்ஸைப் பின்னால் ரத்து செய்துவிட முடியும்.

"எதற்காகத் துப்பாக்கி?" என்ற கேள்விக்குத்தான் பலர் தடுமாறுகிறார்கள். கௌரவத்துக்காக என்று யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் அதிகாரிக்குத் தெரிந்துவிடும். தனித்த தோட்டத்து வீடு, பக்கத்து வீடு எவ்வளவு தூரம், ரொக்கம் எடுத்துச் செல்லும் வழி, ஏற்கெனவே திருட்டோ மிரட்டலோ நடந்திருந்தால் அந்தப் புகாரின் முதல் தகவல் அறிக்கை நகல் ஆகியவற்றை இணைப்பதுதான் சரி. சொத்து போதாது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே பெரிய மில் முதலாளிக்குத்தான் கிடைக்கும், சின்னக் கடைக்காரனுக்குக் கிடைக்காது என்பது சரியல்ல. மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

எந்தத் துப்பாக்கி

நம்மவர்கள் வாயெடுத்ததும் பிஸ்டல் என்கிறார்கள். சினிமா பார்த்த பழக்கம். 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரி இல்லாத துப்பாக்கியைத் தற்காப்புக்காகக் கேட்பவரைத்தான் சட்டம் சற்று இளக்கமாகப் பார்க்கிறது. அதாவது நாம் பெரியவர்கள் வீடுகளில் பார்த்திருக்கும் 12 போர். மற்றவற்றுக்குத் தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். 9 மி.மீ. பிஸ்டல், .303 ரைஃபிள் போன்றவை தடை செய்யப்பட்ட வகை. அந்தப் பேச்சே வேண்டாம். .32 ரிவால்வர் தடை செய்யப்படாத வகையில் வரும்.

12 போர் என்ற பெயர் எப்படி வந்தது என்பது எடை போட்டே பிழைக்கும் நமக்குப் பிடிக்கும். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் அதில் ஒன்று எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அதுதான் 12 போர். ஒரு உருண்டை கிட்டத்தட்ட 38 கிராம், குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. எண் கூடினால் குழல் சிறுக்கும் என்பது இதனால்தான். இந்தத் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் நீண்டகாலம் அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளிலிருந்தே வந்தன. மேற்கு வங்கம் இஷாப்பூரில் துப்பாக்கி, புனே கட்கியில் தோட்டா. 2021-ல் அந்தத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். இப்போது தனியார் தயாரிப்பும் வந்துவிட்டது. எதுவானாலும் லைசென்ஸ் உள்ள டீலரிடம் மட்டும் வாங்குங்கள். வாங்கிய துப்பாக்கியின் நம்பர் லைசென்ஸில் பதிவாக வேண்டும். தோட்டா ஒரே சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று லைசென்ஸில் எழுதியிருக்கும். நாம் கையிருப்புப் பதிவேடு எழுதுவதுபோல வாங்கியது, சுட்டது, இருப்பு என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஆய்வின்போது ஒரு தோட்டா குறைந்தாலும் கணக்குச் சொல்ல வேண்டியது நாம்தான்.

ஏர்கன் பற்றியும் கேட்கிறார்கள். 20 ஜூலுக்கு மேற்பட்ட விசை உள்ளதற்கும், 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேற்பட்ட துளை உள்ளதற்கும் லைசென்ஸ் வேண்டும். அதற்குக் குறைந்ததற்கு வேண்டாம். வேண்டாம் என்பதற்காகப் பேரப் பிள்ளையிடம் விளையாடக் கொடுப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். கண் போனால் திரும்ப வராது.

குறுக்கு வழிக்காரர்கள்

"கலெக்டர் ஆபீஸ் அலைச்சலே வேண்டாங்க, வடக்கே இருந்து ஆல் இண்டியா லைசென்ஸ் வாங்கித் தர்றோம்" என்று ஏஜெண்டுகள் வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை தகுதியில்லாதவர்களுக்கு 2 லட்சத்து 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் வழங்கப்பட்டதாகச் சி.பி.ஐ. வழக்கே இருக்கிறது. 2017-ல் ராஜஸ்தான் போலீஸார் பிடித்ததிலிருந்து வெளியே வந்த விவகாரம் அது. கலெக்டர் பதவியில் இருந்தவர்கள் வீடுகள் வரை சோதனை நடந்தது. பணம் கொடுத்து வாங்கியவன் கையில் இருப்பது லைசென்ஸ் அல்ல, வெறும் காகிதம். அந்தக் காகிதத்தை நம்பி வாங்கிய துப்பாக்கி கள்ளத் துப்பாக்கிதான்.

நகைக்கடை, அடகுக்கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் துப்பாக்கியோடு காவலாளி வைக்கும்போதும் இதே கவனம் தேவை. அவர் முன்னாள் ராணுவத்தாராக இருந்தாலும் லைசென்ஸை அசலாக வாங்கிப் பாருங்கள். எந்தப் பகுதிக்குச் செல்லும், என்றைக்குக் காலாவதி, துப்பாக்கி நம்பர் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். வேறு மாநிலத்துக்கு மட்டும் செல்லும் லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே நின்றால் அவர் மட்டுமல்ல, நிறுத்தியவரும் ஸ்டேஷன் படி ஏற வேண்டும். ஏஜென்சி மூலம் வந்தால் அந்த ஏஜென்சிக்கு 2005-ம் வருடச் சட்டப்படி மாநில அரசின் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். அவருடைய துப்பாக்கியை "கொஞ்சம் குடுங்க பாக்கலாம்" என்று கடைப் பையன் வாங்கிப் பிடிப்பதும் தப்பு.

கையில் வந்த பிறகு

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் முதல் வேலை, அதில் தோட்டா இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது. நேற்று நானேதான் காலி செய்து வைத்தேன் என்பது செல்லாது. விபத்து நடந்த பிறகு "காலின்னு நெனச்சனுங்க" என்று அழுவதைத்தான் எல்லா ஊரிலும் கேட்கிறோம். குழலை மடக்கித் திறந்து இரண்டு அறையையும் கண்ணால் பாருங்கள். இருட்டாக இருந்தால் விரலை விட்டுப் பாருங்கள். அடுத்தவரிடம் கொடுக்கும்போது திறந்தபடியே கொடுங்கள். வாங்குபவரும் பார்த்த பிறகே மூட வேண்டும். பணக்கட்டைக் கொடுப்பவர் எண்ணிக் கொடுத்தாலும் வாங்குபவர் ஒருமுறை எண்ணுவதில்லையா? அதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

குழல் முனை எப்போதும் ஆள் இல்லாத பக்கம் இருக்க வேண்டும். துடைக்கும்போதும், காரில் வைக்கும்போதும், மாடிப்படி ஏறும்போதும் அப்படியே. ஓட்டு வீடானாலும் தார்சு வீடானாலும் மேலே யாராவது இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது. விசை மேல் விரல் வைப்பது சுடப்போகும் அந்த ஒரு வினாடியில் மட்டும். மற்ற நேரத்தில் விரல் நீட்டிக் கட்டைப் பக்கமாக இருக்கட்டும். 'சேஃப்டி' போட்டிருக்கிறேன் என்று தைரியமாக இருக்க வேண்டாம். பல பழைய இரட்டைக்குழல்களில் அது விசையை மட்டும்தான் தடுக்கும், உள்ளே இருக்கும் சுத்தியலைத் தடுக்காது. பலமாகக் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும். அதனால்தான் தோட்டாப் போட்ட துப்பாக்கியோடு வேலி தாண்டுவதும், வாய்க்கால் தாண்டுவதும், மொபெட்டில் குறுக்கே வைத்துக்கொண்டு போவதும் கூடாது என்கிறார்கள்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. மாதக்கணக்கில் மூலையில் சாத்தி வைத்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். அடைப்பு இருப்பது தெரியாமல் சுட்டால் குழலே வெடித்துக் கை போய்விடும். எடுக்கும்போதெல்லாம் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் எண்ணெய் போட்டுத் துடையுங்கள், ஊற்றி நனைக்க வேண்டாம். பழைய காகிதத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் ஊறிப் பருத்துவிடும். அதை அமுக்கித் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். பூச்சி விழுந்த துவரம்பருப்பைச் சலித்து விற்கும் புத்தியை இங்கே காட்டக்கூடாது. கெட்டுப்போன தோட்டாவை டீலரிடமே கேட்டு ஒப்படையுங்கள். சுட்டு வெடிக்காமல் போனால் உடனே திறக்க வேண்டாம். முனையை மண்மேட்டுப் பக்கம் காட்டியபடி அரை நிமிடமாவது பொறுத்துப் பிறகு திறக்க வேண்டும். சில சமயம் தாமதித்து வெடிக்கும்.

வைப்பது எப்படி? துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். சாவி நம்மிடம். கல்லாப்பெட்டிக்குக் கீழே, தலையணைக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால் என்பதெல்லாம் வைக்கும் இடமல்ல. குழந்தைகளுக்கு நாம் ஒளித்து வைத்த தீபாவளிப் பட்டாசே தெரிந்துவிடுகிறது. இது தெரியாதா? பூட்டி வைத்தால் திருடன் வரும்போது எடுக்க நேரமாகுமே என்று கேட்பார்கள். ஆகும். அதை ஒத்துக்கொள்ள முடியாதவர்கள் துப்பாக்கி வாங்காமல் கதவையும், வெளி விளக்கையும், நாயையும் பலப்படுத்துவது மேல். வீட்டில் யாராவது மனம் உடைந்து போயிருக்கிறார்கள், கடன் தொல்லை, குடும்பச் சண்டை என்றால் அந்தக் காலத்தில் துப்பாக்கியை டீலரிடமோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வியாபாரம் நொடித்துப்போன வீடுகளில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாததா?

வெளியே எடுத்துப் போகும்போது உறையில் மூடி எடுத்துப் போக வேண்டும். லைசென்ஸ் கூடவே இருக்க வேண்டும். பழுது பார்க்கவோ புதுப்பிக்கவோ மகனிடம் கொடுத்தனுப்பினால் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தனுப்புங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது, கடிதம் இல்லாவிட்டால் இடமில்லை. கல்யாணத்திலோ கோயில் திருவிழாவிலோ வானத்தைப் பார்த்துச் சுடுவது 2019 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன ரவை கீழே வந்துதான் தீரும். துப்பாக்கி திருட்டுப் போனால் அன்றே ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். இரண்டு நாள் நாமே தேடிப் பார்க்கலாம் என்பது நமக்கே வினையாகும்.

எப்போது சுடலாம்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. சாராம்சம் பழையதுதான். உயிருக்கோ பெரிய காயத்துக்கோ ஆபத்து கண்முன் நிற்கும்போது, கொள்ளையின்போது, பொழுது சாய்ந்து விடிவதற்குள் கதவை உடைத்து உள்ளே வரும்போது எதிரியின் உயிர் போகும் அளவுக்குக்கூட இந்த உரிமை போகும். ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யக்கூடாது. போலீஸை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது.

இதை நம் பாஷையில் சொல்கிறேன். பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனைச் சுட முடியாது. முதுகைக் காட்டி ஓடுபவன் பணப்பையோடு ஓடினாலும் சுட்டால் நாம்தான் கொலை வழக்கில் நிற்போம். தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பும் நம் தலையில். கடைத்தெருவில் குறி தவறினால் ரவை சில நூறு மீட்டர் போகும். எதிரே டீக்கடை, பஸ் ஸ்டாப், ஸ்கூல் பிள்ளைகள். ஊருக்குள் கடை வைத்திருப்பவர்களுக்குத் துப்பாக்கி தேவையில்லை என்ற முடிவுக்கு நான் வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். தனித் தோட்டத்து வீட்டுக்காரர்கள் விஷயம் வேறு. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ரொக்கத்தைக் குறைக்க இப்போது வழி இருக்கிறது. பாதி வியாபாரம் செல்போன் ஸ்கேன் அட்டையில்தானே நடக்கிறது.

மயில், காட்டுப்பன்றி தொல்லைக்காகக் கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு என்று சட்டத்தில் இருப்பது வாஸ்தவம். அதனால் வன உயிரினத்தைச் சுட அனுமதி வந்துவிடாது. மயில் 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணைப் பறவை. கொன்றால் மூன்று முதல் ஏழு வருடம். காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம் என்பதுதான். நாம் சுடலாம் என்பதல்ல.

தேர்தலும் புதுப்பிப்பும்

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். யார் யார் ஒப்படைக்க வேண்டும் என்று பார்க்க மாவட்டத்தில் ஒரு குழு உண்டு. வங்கிக் காவலர்கள் போன்றவர்களுக்கு விலக்குக் கிடைக்கும். நமக்கு அநேகமாகக் கிடைக்காது. 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கையில் எடுத்துப் போனால் பறக்கும் படை பிடிக்கும் அதே நாட்களில்தான் துப்பாக்கியும் நம்மிடம் இருக்காது. இது நமக்குச் சங்கடந்தான். ஆனாலும் ஒப்படைத்துத் துப்பாக்கி நம்பர், தோட்டா எண்ணிக்கையோடு ரசீது வாங்குங்கள். முடிவு வந்த பிறகு மறக்காமல் திரும்ப எடுங்கள்.

புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஐந்து வருடம் என்பதால் தேதி மறந்துபோகிறது. காலண்டரில் எழுதினால் போதாது, அந்தக் காலண்டர் நாலு தீபாவளிக்கு முன்பே பழைய பேப்பர்க்காரனிடம் போயிருக்கும். புட் சேஃப்டி லைசென்ஸ் ஃபைலோடு சேர்த்து வைப்பது என் யோசனை.

அப்பா காலத்துத் துப்பாக்கி

இப்போது மண்டிக்கார நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். லைசென்ஸ் என்பது துப்பாக்கிக்கு அல்ல, ஆளுக்கு. அப்பா கண்ணை மூடிய அன்றே அந்தப் புத்தகம் செல்லாது. வீட்டில் இருப்பவர்கள் தாமதமின்றித் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தின் 21-ம் பிரிவு சொல்கிறது. ஒப்படைத்துவிட்டு வாரிசுக்கு லைசென்ஸ் கேட்கலாம். லைசென்ஸ்தாரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆனாலோ 25 வருடம் வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க 2016 விதி இடம் கொடுக்கிறது. வயதான தகப்பனார் பெயரில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த வரியை மறுபடி படியுங்கள். ஒப்படைக்காமல் வைத்திருந்தால் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை இரண்டு வருடத்துக்குக் குறையாமல் ஐந்து வருடம் வரை. நண்பருக்கு வேண்டாத ஒருவர் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டால் போதும். தொழில் பகையும் பங்காளிப் பகையும் இல்லாத வியாபாரி யார்?

இதைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா ஞாபகமா வெச்சிருந்தனுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்றார். கிணற்றில் போட்டுவிடலாமா என்றுகூடக் கேட்டார். அது இன்னும் மோசம் என்றேன். லைசென்ஸில் நம்பர் இருக்கிறது, கோப்பு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிறது. நாளைக்கு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது?

மறுநாளே ஒரு வக்கீலைப் பார்த்தோம். அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய லைசென்ஸ் ஆகியவற்றின் நகலோடு, நடந்ததை மறைக்காமல் ஒரு மனு எழுதினார். துப்பாக்கியைத் திறந்து காலி என்று பார்த்து, சாக்கில் சுற்றினோம். அதை எடுத்துக்கொண்டு போகும் வழியில் யாராவது நிறுத்தினால் என்ன சொல்வது என்று வக்கீல் யோசித்து, முதலில் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்து அவர்களையே வரச் சொல்லிவிட்டார். இரண்டு பேர் வந்து மகஜர் எழுதி எடுத்துப் போனார்கள். அப்பா பெயரில் இருந்த ஏழு தோட்டாவையும் எண்ணிக் கொடுத்தோம். ஆறு வருடத் தாமதத்துக்குக் கலெக்டர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாரிசு லைசென்ஸுக்கு மனுச் செய்யலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் சம்சாரம் வேண்டாம் என்கிறார்கள். ஸ்டேஷன் ரசீதை மட்டும் கண்ணாடி போட்டு, மண்டியில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார்.